ஈ-டைப் உடல் பிறந்ததும் மாறியதும்

மால்கம் சேயரை யாராவது கார்களின் அழகை வரைபவர் என்று குறிப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போடுகிற பொறியாளராகவே அவர் தன்னைக் கருதினார். அந்தக் கணக்கில் உருவான ஜாகுவார் ஈ-டைப் கார் ஒன்றை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 1963இல் செய்யப்பட்ட, நீல நிறத்தில், கூரை திறக்கும் கார் அது.

ஈ-டைப் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே கார் இல்லை. 1961 முதல் 1974 வரை 72,000க்கும் அதிகமான கார்கள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள பிரௌன்ஸ் லேன் ஆலையிலிருந்து வெளியே வந்தன. முதல் ஆண்டின் காரையும் கடைசி ஆண்டின் காரையும் அருகருகே நிறுத்தினால் முகம் வேறு, வால் வேறு, நீளம் வேறு, நிற்கும் தோரணையே வேறு. அமெரிக்கச் சட்டம்தான் இந்த அழகைக் கெடுத்தது என்று கார் ரசிகர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. இந்த உடலில் முதலில் மாற்றம் கேட்டது ஓட்டுநரின் முழங்கால். அதற்குப் பிறகு குழந்தைகள் கேட்டார்கள். சட்டம் வந்து சேர்ந்தபோது வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

சேயர் 1916இல் இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரை ஊரான க்ரோமரில் பிறந்தவர். லஃப்பரோவில் பொறியியல் படித்தார். போர்க்காலம் முழுவதும் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை. போர் முடிந்ததும் சிறிது காலம் பாக்தாத்தில் இருந்துவிட்டு, திரும்பி வந்து ஜாகுவாரில் சேர்ந்தார். 1951இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற சி-டைப் அவர் கைவண்ணம். அதற்கு அடுத்த டி-டைப் 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதே பந்தயத்தை வென்றது.

அவர் வேலை செய்த முறையை அறிந்தால்தான் பின்னால் நடந்த மாற்றங்கள் ஏன் மனத்தை உறுத்துகின்றன என்பது விளங்கும். அந்நாளில் பெரும்பாலான கார் உடல்கள் களிமண்ணிலோ மரத்திலோ உருவம் பிடித்து, கண்ணால் பார்த்துச் செதுக்கித் தேறியவை. ஜாகுவாரின் அதிபர் வில்லியம் லயன்ஸே அந்த மரபில் வந்தவர். தகர வேலை செய்பவர்களை அருகில் வைத்துக்கொண்டு, இந்த வளைவைக் கொஞ்சம் இறக்கு, அந்த மூலையைக் கொஞ்சம் உருட்டு என்று சொல்லிச் சொல்லி முழு அளவு மாதிரியைச் செய்யவைப்பார். அதைத் தன் வீட்டுப் புல்வெளிக்குக் கொண்டுவரச் செய்து, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அவர் கண் அபாரமானது. ஜாகுவாரின் பெயர்பெற்ற கார்களில் பெரும்பாலானவை அந்தக் கண்ணுக்குத்தான் கடன்பட்டவை.

சேயர் அந்த வழியில் போகவில்லை. நீள்வட்டத்தின் சமன்பாடுகளை அடிப்படையாக வைத்து, உடலின் ஒவ்வொரு புள்ளியும் நீளத்தில், அகலத்தில், உயரத்தில் எங்கே விழ வேண்டும் என்று எண்களாகவே கணக்கிட்டார். கையில் ஸ்லைடு ரூலும் ஏழு இலக்க மடக்கை அட்டவணையும். அப்படிக் கிடைத்த எண் பட்டியலைக் கொண்டு நீண்ட தாளில் கோடு இழுப்பார். பிறகு காரின் மேல் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, அதை வேகமாக ஓட்டச் சொல்லி, எந்த நூல் படிந்து கிடக்கிறது, எந்த நூல் படபடக்கிறது என்று பார்ப்பார். இன்று கணினி செய்வதை அவர் அன்று மனிதக் கையால் செய்தார். இதனால் ஒரு விளைவு உண்டு. கண்ணால் செதுக்கிய உடலில் ஓரிடத்தில் கை வைத்தால் அந்த இடம் மட்டும் மாறும். சேயரின் உடலில் மூக்கிலிருந்து வால்வரை ஒரே கணக்கு ஓடுகிறது. எங்கே கை வைத்தாலும் இன்னோர் இடத்தில் ஏதோ இடறும்.

டி-டைப் பந்தயக் காரிலிருந்துதான் ஈ-டைப் வந்தது. சாலையில் ஓட்டும்படி ஒரு காரை அதே அடிப்படையில் செய்யலாம் என்று 1957இல் அலுமினிய உடலோடு ஒரு சிறு சோதனைக் காரைக் கட்டினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் பிரௌன்ஸ் லேன் ஆலையின் ஒரு பகுதி தீயில் எரிந்திருந்தது. அந்த இழப்புக்கு நடுவில்தான் இந்த வேலை தொடர்ந்தது. 1960இல் இன்னொரு சோதனைக் கார், அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் அணிக்காக லெ மானில் ஓடியது. பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனால் அதன் முன்பாதியைப் பார்த்தவர்களுக்கு என்ன வரப்போகிறது என்பது தெரிந்திருக்கும்.

நடுவில் ஆட்கள் உட்காரும் பகுதி, தகடுகளைப் பற்றவைத்துச் செய்த ஒரு கெட்டியான தொட்டி. தனிச் சேஸிஸ் கிடையாது. அந்தத் தொட்டியின் முன்சுவரில் சதுர இரும்புக் குழாய்களாலான ஒரு சட்டத்தை போல்ட் போட்டு மாட்டினார்கள். எஞ்சினும் முன்சக்கரங்களும் அந்தச் சட்டத்தில் தொங்குகின்றன. இவற்றின் மேல் பானட், மட்கார்டு, மூக்கு எல்லாம் சேர்ந்த ஒரே மூடி, முன்பக்கக் கீலில் மடங்கித் திறக்கும். அந்த மூடியைத் தூக்கினால் எஞ்சின் முழுவதும் கண்முன்னால் நிற்கும். மெக்கானிக்குக்கு இதைவிட வசதி வேறில்லை. இத்தனை விற்கும் என்று ஜாகுவார் எதிர்பார்க்கவில்லை. எனவே பெரிய அச்சுகளில் பணம் போடாமல், சிறு சிறு தகடுகளாக அடித்து இணைத்தார்கள். இணைப்புகளில் ஈயத்தை உருக்கி நிரப்பி, அரம் கொண்டு தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள்.

பானட்டின் நடுவில் எழும் அந்த நீண்ட புடைப்பைப் பாருங்கள். எஞ்சின் உயரம்தான் அதற்குக் காரணம். 1948இலிருந்தே ஜாகுவார் பயன்படுத்திவந்த ஆறு சிலிண்டர் எக்ஸ்கே எஞ்சினின் தலையில் இரண்டு கேம்ஷாஃப்டுகள் இருப்பதால் அது உயரமானது. பந்தய டி-டைப்பில் அதைச் சற்றுச் சாய்த்து மாட்டி உயரத்தைக் குறைத்தார்கள். சாலைக் காரில் நேராக நிறுத்தினார்கள். தாழ்ந்த பானட்டை எஞ்சின் இடிக்கும். முழு பானட்டையும் உயர்த்தாமல், இடிக்கிற இடத்தை மட்டும் நீளவாக்கில் உயர்த்தினார் சேயர். அதன் இருபக்கத்திலும் சூடான காற்று வெளியேறப் பிளவுகள். ஒரு தடங்கலைச் சமாளிக்கப் போட்ட வளைவு, காரின் மிக அழகிய கோடாக நின்றுவிட்டது.

மற்றவையும் அப்படித்தான். காற்று நுழைய ஒரு சிறிய நீள்வட்ட வாய். ஹெட்லைட்டுகளை உள்ளே தள்ளிவைத்து, மேலே உடலின் வளைவோடு ஒட்டிப்போகும் கண்ணாடி மூடி. மெல்லிய பம்பர். பின்னால், குறுகி முடியும் வாலின் ஓரத்தைத் தழுவியபடி, பம்பருக்கு மேலே ஒல்லியான விளக்குகள். முன்கண்ணாடி உயரம் குறைவு என்பதால் மூன்று சிறிய வைப்பர்கள். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 50 அங்குலம்தான். அகன்ற உடலுக்குள் ஒல்லியான டயர்கள் ஒடுங்கி நிற்கின்றன. நேரே முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் போதாததுபோல் தோன்றும். இந்தக் காரில் எனக்கு உள்ள குறை அது ஒன்றுதான்.

கூரை மூடிய கூபே கார் சேயரிடமிருந்து மட்டும் வந்ததாகச் சொல்ல முடியாது. ஜாகுவாரின் சோதனைப் பட்டறையில் பாப் பிளேக் என்ற அமெரிக்கத் தகர வேலைக்காரர் இருந்தார். திறந்த காரின் மேல் வெல்டிங் கம்பிகளை வளைத்து வைத்து, கூரை எப்படி வாலை நோக்கி இறங்கலாம் என்று அவர் உருவம் காட்ட, லயன்ஸ் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார். கணக்கு போட்டவரும் கம்பி வளைத்தவரும் சேர்ந்து கொடுத்தது அந்தக் கூபே. பல நிபுணர்கள் திறந்த காரைவிட அதையே உயர்வாகச் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

1961 மார்ச் 15ஆம் தேதி ஜெனீவாவில், ஓ-விவ் பூங்காவில் பத்திரிகையாளர்களுக்குக் காரைக் காட்டினார்கள். சாம்பல் நிறக் கூபே ஒன்றை ஜாகுவாரின் பாப் பெர்ரி கோவென்ட்ரியிலிருந்து ஓட்டிவந்து, கூட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்தான் சேர்ந்தார். ஓட்டிப்பார்க்க வரிசை நின்றது. ஒரு கார் போதவில்லை. கோவென்ட்ரிக்குச் செய்தி போனது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் பச்சை நிறத் திறந்த காரை எடுத்துக்கொண்டு இரவு முழுவதும் ஓட்டி, மறுநாள் காலை ஜெனீவா சேர்ந்தார். மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் வேகம் என்று ஜாகுவார் சொன்னது. விலை, வரியோடு சுமார் 2,100 பவுண்டு. அப்போதைய ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 விலையில் ஏறத்தாழப் பாதி.

வந்த சில மாதங்களிலேயே மாற்றங்கள் தொடங்கின. முதல் 500 கார்களில் பானட்டைத் திறக்கும் பூட்டுகள் உடலின் வெளிப்பக்கத்தில் இருந்தன. தனிச் சாவி போட்டுத் திருப்ப வேண்டும். பிறகு பூட்டு காருக்குள் போனது. பானட் பிளவுகளைத் தனித் தகட்டில் அடித்துப் பற்றவைத்ததை விட்டு, பானட் தகட்டிலேயே அடித்தார்கள். வெளிக்கண்ணுக்கு இவை பெரிதாகத் தெரியாது. பழைய கார் வாங்குபவர்களுக்கு இன்று இந்த விவரம் பெரும் பணம்.

முழங்கால் பிரச்சினை இதைவிடப் பெரியது. முதல் கார்களின் தரை ஒரே சமதளம். பாயில் உட்கார்ந்து காலை நீட்டியதுபோல் ஓட்ட வேண்டும். ஆறடி ஆள் உட்கார்ந்தால் ஸ்டீயரிங்கில் முழங்கால் இடித்தது. காற்றுக்காகப் போட்ட கணக்கில் மனிதக் காலுக்கு இடம் ஒதுக்கவில்லை. 1962இல் பாதம் வைக்கும் இடத்தைத் தாழ்த்திக் குழியாக்கினார்கள். இருக்கைக்குப் பின்னாலிருந்த தடுப்பையும் சற்றுக் குடைந்து, இருக்கை இன்னும் பின்னே நகரும்படி செய்தார்கள். வெளிக்கோடு எதுவும் அசையவில்லை. ஈ-டைப் வரலாற்றில் இவ்வளவு நல்ல மாற்றம் வேறு கிடையாது என்பேன்.

1964 அக்டோபரில் எஞ்சின் 3.8 லிட்டரிலிருந்து 4.2 லிட்டராக வளர்ந்தது. கியர்பாக்ஸ் மாறியது, இருக்கைகள் உட்காரும்படி ஆயின. உடல் அப்படியே.

1966இல்தான் அந்தக் கோடு முதன்முறையாக உடைந்தது. பின்னால் குழந்தைகள் உட்கார இடம் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். பழைய குட்டைக் கூபேயை விட்டுவிடாமல், கூடவே இன்னொரு கூபேயைச் செய்து, அதில் முன்பின் சக்கர இடைவெளியை 96 அங்குலத்திலிருந்து 105 அங்குலமாக நீட்டினார்கள். பின்னிருக்கையில் தலை இடிக்காமலிருக்கக் கூரையை இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். முன்கண்ணாடி நிமிர்ந்தது, கதவு நீண்டது. தானியங்கி கியரும் கிடைத்தது. நல்ல விற்பனை. இரண்டு அங்குலம் என்பது சொல்லும்போது அற்பம். ஆனால் மூக்கிலிருந்து எழுந்து கூரையில் ஏறி வாலில் வழிந்துபோன அந்த ஓட்டம் கூரையின் உச்சியில் நின்றுவிட்டது. வாஷிங்டனில் யாரும் இதைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குடும்பஸ்தர்கள் கேட்டார்கள், நியாயமாகவே கேட்டார்கள்.

அமெரிக்கா இதற்குப் பிறகுதான் வருகிறது. கார்களின் ஆபத்தான வடிவமைப்பைப் பற்றி ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் 1965இல் வெளிவந்தது. 1966இல் அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. புதிய விதிகள் 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. ஈ-டைப் கார்களில் பெரும்பகுதி விற்பனையானது அமெரிக்காவில்தான். அங்கே தடை வந்தால் காருக்கே முடிவு. 1967இலேயே ஹெட்லைட்டின் கண்ணாடி மூடி போனது. உள்ளே புதைந்திருந்த விளக்கு வெளியே தெரியும்படி, சுற்றிலும் குரோம் வளையத்தோடு நின்றது. டாஷ்போர்டில் விமானத்தில்போல் நீட்டிக்கொண்டிருந்த ஸ்விட்சுகள், மோதலில் முகத்தைக் கிழிக்கும் என்பதால் தட்டையாயின. சக்கரத்தின் நடுவில் காதுகளோடு துருத்திய திருகுகளுக்கும் அதே கதி. புகைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்கக் கார்களில் மூன்று கார்புரேட்டர் இரண்டாகி, எஞ்சின் பலம் குறைந்தது.

கண்ணாடி மூடி போனதற்காக நானும் வருந்துகிறேன். ஆனால் அதன் குறையையும் சொல்ல வேண்டும். சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால், ஆழத்தில் உட்கார்ந்த விளக்கு இரவில் சாலைக்குப் போதிய வெளிச்சம் தரவில்லை. 150 மைல் வேகம் போகும் காருக்கு அது சிறிய குறை இல்லை.

1968 அக்டோபரில் இரண்டாம் வரிசைக் கார்கள் வந்தன. சிறிய வாய் பெரிதாகியது. லெ மானில் மணிக்கு 150 மைல் வேகத்தில் ஓடும் காருக்கு அந்தச் சிறிய வாய் போதும். கோடையில் அமெரிக்க நகர நெரிசலில் ஊர்ந்துபோகும் காருக்கு, அதுவும் ஏசி வேண்டும் என்று கேட்கும்போது, ரேடியேட்டர் கொதித்தது. வாயைப் பெரிதாக்கி இரண்டு மின்விசிறி வைத்தார்கள். இதில் சட்டத்துக்குச் சம்பந்தமே இல்லை. விளக்குகளைப் பெரிதாக்கியதுதான் சட்டத்தின் வேலை. முன்னால் இண்டிகேட்டர்கள் பம்பருக்குக் கீழே இறங்கின. பின்னால், வாலைத் தழுவியிருந்த ஒல்லியான விளக்குகளை எடுத்துவிட்டு, பம்பரை உயர்த்திச் சுற்றி வளைத்து, அதன் அடியில் கனத்த செவ்வக விளக்குகளைப் பொருத்தினார்கள். முன்முகம் மாறியதை எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய இழப்பு பின்னால்தான். குறுகிக் குறுகி முடிந்த வால், கனத்த பட்டை ஒன்றில் முட்டி நின்றுபோனது.

1970 ஏப்ரலில் லெமிங்டன் ஸ்பாவில் சேயர் மாரடைப்பால் இறந்தார். வயது 53. அடுத்த பெரிய மாற்றம் அவர் இல்லாமல் வந்தது.

1971 மார்ச்சில் வந்த மூன்றாம் வரிசைக்கு எஞ்சின்தான் காரணம். லெ மானுக்குத் திரும்பப் போகலாம் என்று ஜாகுவார் 1960களில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தது. வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் அதைச் சாலைக்கு ஏற்றபடி, 5.3 லிட்டரில், அலுமினியத்தில் உருவாக்கினார்கள். அது சூட்டை அதிகம் கக்கும், எனவே வாய் இன்னும் பெரிதாகி, அதில் குரோம் கம்பி கிரில் வந்தது. அகன்ற டயர் வேண்டும், எனவே சக்கர வளைவுகள் வெளியே விரிந்தன. குட்டைக் கூபே நின்றுபோனது. திறந்த காரும் நீளமான 105 அங்குல உடலில்தான் வந்தது. அதன் பிறகு பம்பர் மோதல் விதிகள் வரவே, அமெரிக்கக் கார்களின் பம்பரில் கறுப்பு ரப்பர் முட்டுகள் ஏறின. ஓட்டுவதற்கு இது மென்மையான கார். தூரப் பயணத்துக்கு மூன்று வரிசையிலும் இதுதான் சுகம். ஒடுங்கிய சக்கரம் என்று முன்னே நான் சொன்ன குறையும் இதில் தீர்ந்தது. ஆனால் வளைவைக் கணக்கிட்டவர் இல்லாமல் தேவைக்குத் தேவை ஒட்டுப்போட்ட உடல் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

1974 செப்டம்பரில் கடைசிக் கார் கட்டப்பட்டது. கடைசி ஐம்பதில் ஒன்று மட்டும் பச்சை, மற்றவை கறுப்பு. பெட்ரோல் விலை உயர்ந்து, பெரிய எஞ்சின் கார்களுக்கு ஆளில்லாத காலம் அது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் இருந்தது. கால் நீட்ட, குழந்தை உட்கார, எஞ்சின் கொதிக்காமலிருக்க, இரவில் சாலை தெரிய, மோதினால் முகம் பிழைக்க. இவற்றில் எதையும் வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் எது சிறந்த ஈ-டைப் என்று கேட்டால், 1964 அக்டோபருக்கும் 1967க்கும் இடையே கண்ணாடி மூடிய விளக்கோடு வந்த 4.2 லிட்டர் குட்டைக் கூபேதான் என்பேன். கால் வைக்க இடமும் உண்டு, சேயரின் கோடும் முழுதாக உண்டு.

எங்காவது அருங்காட்சியகத்திலோ பழைய கார் அணிவகுப்பிலோ ஈ-டைப் ஒன்றைக் கண்டால் முன்பக்கம் நிற்கிற கூட்டத்தை விட்டு நேரே பின்னால் போங்கள். வால் விளக்கு பம்பருக்கு மேலே இருந்தால் முதல் வரிசை, கீழே இருந்தால் 1968க்குப் பிந்தியது.